போனைப் பிடுங்குவதற்கு முன்: பதின்வயது மூளையும் இணைய அடிமைத்தனமும்

போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் நடக்கும் காரியம். பெரும்பாலும் தோற்றுப்போவதும் அதுதான். இரண்டு நாள் சண்டை, மூன்றாம் நாள் கெஞ்சல், நான்காம் நாள் போன் திரும்பக் கைக்கு வந்துவிடும். பிள்ளைக்கு மனவுறுதி இல்லை என்று பெற்றோர் முடிவுகட்டுகிறார்கள். மனவுறுதியைத் தரும் மூளைப்பகுதி அந்த வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதுதான் உண்மை. ஆகவே அந்த உறுதியைக் கொஞ்ச காலத்துக்கு வெளியிலிருந்து, அதாவது இடம், நேரம், போனின் அமைப்பு ஆகியவற்றின் வழியாகக் கொடுத்து, பிறகு சிறிது சிறிதாகப் பிள்ளையிடமே ஒப்படைக்க வேண்டும். அதைச் செய்யும் முறைதான் இது.

மூளையில் நடப்பது என்ன

மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. பரிசு, புதுமை, பாராட்டு ஆகியவற்றுக்குத் துள்ளியெழும் ஆழ்மூளைப் பகுதிகள் பூப்பெய்தும் வயதிலேயே வேகம் பிடித்துவிடுகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் வேலை வேறு: 'இப்போது போதும்' என்று நிறுத்துவது, நாளைய விளைவை எண்ணிப் பார்ப்பது. அது இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்கிறது. பயன்படாத நரம்பிணைப்புகள் அங்கே கழிக்கப்படுகின்றன; பயன்படும் இணைப்புகளுக்கு மேலுறை சுற்றப்பட்டு அவற்றின் வேகம் கூடுகிறது. எது அடிக்கடி பயன்படுகிறதோ அதுவே நிலைக்கும் காலம் இது.

மூளையில் சுரக்கும் டோபமைனைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அதை 'இன்ப வேதிப்பொருள்' என்கிறார்கள். நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறொன்றைக் காட்டின. முதலில் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வரப்போகிறது என்பதற்கான அடையாளத்தைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அந்த அடையாளத்தைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது துடிக்கவில்லை. எதிர்பார்த்த சாறு வராதபோது வழக்கத்தைவிடவும் அடங்கிப்போயின. ஆகவே இழுப்பது கையிலிருக்கும் வீடியோ அல்ல, அடுத்தது என்னவாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. "போர் அடிக்குது" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் இரண்டு மணி நேரம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அவள் பொய் சொல்லவில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் பழக்கத்தை மிக இறுக்கமாகக் கட்டும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பத்து வீடியோவில் ஒன்று அருமையாக இருக்கும், எது என்று தெரியாது. 2006இல் மென்பொருள் வடிவமைப்பாளர் ஏசா ரஸ்கின் வடிவமைத்த முடிவில்லாத ஸ்க்ரோல், பக்கம் முடிகிறது என்ற ஒரே இயற்கையான நிறுத்தத்தையும் எடுத்துவிட்டது. நிறுத்தும் உறுப்பு இன்னும் முதிராதவர்கள் கையில், நிறுத்தமே இல்லாத பொருள்.

லைக்குகளும் அப்படித்தான். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் கலிஃபோர்னியாவில் நடந்து 2016இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில், தாங்கள் போட்ட படங்களுக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது பரிசு சார்ந்த பகுதி கூடுதலாக இயங்கியது. சகவயதினர் ஏற்கிறார்களா என்பது அந்த வயதில் உணவு, பாதுகாப்பு போல எடை கொண்ட கேள்வி. "அவன் லைக் போட்டா என்ன, போடாட்டி என்ன" என்ற அறிவுரை அங்கே போய்ச் சேராது.

ஓர் எச்சரிக்கை. அளவுக்கு மீறி இணையத்தில் இருப்பவர்களின் மூளையில் வேறுபாடுகள் தெரிவதாகப் பல ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. வேறுபாடு முதலில் வந்ததா, பழக்கம் முதலில் வந்ததா என்பதை அவற்றில் பெரும்பாலானவை காட்டுவதில்லை. ஆகவே "போன் உன் மூளையை அழிச்சிடுச்சு" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். நிரூபிக்கப்படாதது என்பது ஒரு காரணம். நம்பிக்கையைக் கொன்றுவிடும் என்பது இன்னொன்று.

அடிமைத்தனமா, வெறும் அதிகமா?

மணிக்கணக்கு மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கேமிங் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள்: கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முன்னுக்கு வந்துவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது. வழக்கமாக இவை 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையைக் கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும். 'இணைய அடிமைத்தனம்' என்ற பொதுப்பெயரில் தனி நோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி அதேதான்: போன் வந்த பிறகு எது போனது? தூக்கமா, பள்ளியா, நேரில் பழகிய நண்பர்களா, முன்பு பிடித்திருந்த ஒரு விளையாட்டா, குளியலும் சாப்பாடுமா? இவற்றில் இரண்டு மூன்று மாதக்கணக்கில் காணாமல் போயிருந்தால் வேலையைத் தொடங்குங்கள். எதுவும் போகவில்லை என்றால், தினம் மூன்று மணி நேரம் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்காத பழக்கமாக இருக்கலாம், அடிமைத்தனம் ஆகாது.

முதல் வாரம்: அளப்பது மட்டும்

இந்த ஏழு நாளில் எந்த விதியும் போடாதீர்கள். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்', ஆண்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து தினமும் எடுத்து எழுத வேண்டியவை: எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், எத்தனை முறை போன் திறக்கப்பட்டது, எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது. இவற்றோடு, இரவு கடைசியாகப் போனை வைத்த நேரமும் காலையில் முதலில் எடுத்த நேரமும். இந்த இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தூக்கம். பல வீடுகளில் கண்ணைத் திறக்கும் எண் இதுதான்.

மொத்த நேரத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அதைப் பிரியுங்கள். படிப்பு, வரைதல், கோடிங், பாட்டு ஒருபக்கம். தெரிந்த நண்பர்களோடு பேசுவது இன்னொரு பக்கம். தானாக வந்து விழுந்துகொண்டே இருக்கும் வீடியோக்களும், மேட்ச் மேட்சாக ஓடும் கேம்களும் மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் இலக்கு. முதல் இரண்டிலும் கைவைத்தால் பிள்ளை எல்லாவற்றையும் எதிர்க்கும், நியாயமாகவே.

போனை எடுப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை ஒரு நாளில் மூன்று முறையாவது பிள்ளையே ஒரு வார்த்தையில் குறித்துவைக்கட்டும்: 'போர்', 'கணக்கு புரியல', 'அம்மா திட்டுனாங்க', 'தூக்கம் வரல'. ஒரு வாரத்தில் இரண்டு காரணங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். தீர்வு அவற்றுக்குத்தான் தேவை.

பெற்றோரும் தங்கள் எண்களை அதே தாளில் எழுத வேண்டும். இதைத் தவிர்த்தால் அடுத்த படி நடக்காது.

பேச்சும் ஒப்பந்தமும்

சண்டை நடந்த அன்றோ இரவு நேரத்திலோ பேசாதீர்கள். முகத்துக்கு முகம் உட்கார்ந்து விசாரணைபோல் நடத்துவதைவிட, பக்கத்தில் நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ பேசுவது பதின்வயதினருக்கு எளிது. இருபது நிமிடம் போதும். இப்படித் தொடங்கலாம்:

"இந்த ஒரு வாரக் கணக்கைப் பார்த்தா எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, என்னோடதும் சேர்த்துத்தான். உனக்கு இதுல எது தொந்தரவா இருக்கு?"

பதில் வரும்வரை காத்திருங்கள். "ஒண்ணுமில்ல" என்று வந்தால், "சரி, காலையில எழுந்திருக்கிறது எப்படி இருக்கு?" என்று உடம்பைப் பற்றிக் கேளுங்கள். தூக்கமின்மையை ஒப்புக்கொள்வது அடிமைத்தனத்தை ஒப்புக்கொள்வதைவிடச் சுலபம்.

ஒரே தாளில், ஐந்து வரிக்குள் எழுதுங்கள்: எது மாறுகிறது, எந்த நேரத்திலிருந்து, போன் எங்கே இருக்கும், விதிவிலக்கை யார் முடிவு செய்வது, மீறினால் என்ன. தண்டனை சிறியதாகவும் உறுதியாகவும் மறுநாளே முடிவதாகவும் இருக்கட்டும். 'அடுத்த நாள் அரை மணி முன்னதாகப் போன் சார்ஜருக்குப் போகும்' என்பது நடக்கும். 'ஒரு மாதம் போன் கிடையாது' என்பதை உங்களாலேயே காப்பாற்ற முடியாது. 14ஆம் நாளில் தாளைத் திருத்த உட்காருவோம் என்று தேதி போடுங்கள்.

இரவு முதலில்

ஒன்றே ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால், அது இரவாக இருக்கட்டும். பூப்பெய்தும் வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும் நேரமே பின்னால் தள்ளிப்போகிறது. அவர்களுக்கு இயல்பாகவே தாமதமாகத்தான் தூக்கம் வரும். 13 முதல் 18 வயதினருக்குப் பரிந்துரைக்கப்படும் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். தூக்கம் குறைந்த மறுநாள் முதலில் தளர்வது, ஏற்கெனவே முதிராமல் இருக்கும் அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிதான். ஆகவே இரவு கெட்டால் மறுநாள் பகலும் கெடும்.

எல்லாருடைய போனுக்கும் படுக்கையறைக்கு வெளியே ஒரே சார்ஜர் இடம். எழுப்ப ஒரு சாதாரண அலாரக் கடிகாரம். பாட்டுக் கேட்டால்தான் தூக்கம் வரும் என்றால் தனி ஸ்பீக்கர். இந்த இரண்டையும் முன்பே வாங்கி வைக்காவிட்டால், முதல் இரவே "அலாரத்துக்குப் போன் வேணும்" என்று போன் உள்ளே போய்விடும். டேப்லெட், லேப்டாப், கேம் கன்சோல், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன் ஆகியவையும் கணக்கில் சேரும். பழைய போன்தான் பெரும்பாலும் மறந்துபோவது.

நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். காலை 6:30க்கு எழவேண்டும், எட்டரை மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றால் இரவு 10 மணிக்குக் கண் மூட வேண்டும். போன் 9:15க்குச் சார்ஜருக்குப் போகவேண்டும். இப்போது தூங்குவது நள்ளிரவு 1 மணிக்கு என்றால் ஒரே நாளில் 10க்குக் கொண்டுவர முடியாது. இருட்டில் விழித்துக் கிடப்பதுதான் மிஞ்சும். அந்த வெறுமையே மறுபடியும் போனைத் தேடவைக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். மூன்று மணி நேரத்தைக் கடக்க ஒன்பது படிகள், 27 நாள். எழும் நேரத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பிடித்துவைக்க வேண்டும். விடுமுறை நாளிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தளர்த்தக் கூடாது. எழுந்தவுடன் 15, 20 நிமிடம் வெளிவெளிச்சத்தில் நின்றால் உடலின் கடிகாரம் முன்னால் வரும். பகல் தூக்கம் அரை மணிக்குள் இருக்கட்டும்.

போனுக்குள் மாற்ற வேண்டியவை

அழைப்பும், தெரிந்த மனிதர்கள் நேராக அனுப்பும் செய்தியும் தவிர எல்லா நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்கள். ஷுல்ட்ஸின் குரங்குக்கு அந்த அடையாளம் என்னவோ, அதுதான் இந்த 'டிங்'. யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்தி, பார்த்த வரலாற்றை அழித்து, அதன் பதிவையும் நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கம் கிட்டத்தட்டக் காலியாகிவிடும். தேடினால்தான் வீடியோ வரும். எனக்குத் தெரிந்தவரை இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறில்லை. குறுவீடியோ ஆப்புகளைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, கூடத்தில் இருக்கும் கணினியில் மட்டும் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவது சிலருக்கு உதவும், செய்து பாருங்கள்.

நேர வரம்பு வைக்கும்போது கவனம். ஐபோனில் வரம்பு முடிந்ததும் தடுக்கும்படியான தெரிவைத் தனியாக இயக்கி, ஸ்கிரீன் டைமுக்குத் தனிப் பாஸ்கோடும் வைக்காவிட்டால், ஒரு தட்டில் வரம்பைத் தாண்டிப் போகலாம். ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங் டைமரைப் பிள்ளையே எடுத்துவிட முடியும்; இளைய பதின்வயதினருக்குப் பெற்றோர் கட்டுப்படுத்தும் 'ஃபேமிலி லிங்க்' ஆப் வேண்டும். வழக்கமான ஓட்டைகள்: ஆப் தடுக்கப்பட்டிருக்கும், அதே தளம் பிரவுசரில் திறக்கும், போனின் கடிகாரத்தை மாற்றினால் சில வரம்புகள் குழம்பும், வைஃபை ரௌட்டரில் இரவுத் தடை போட்டாலும் மொபைல் டேட்டா ஓடும். ரௌட்டர் தடை இரண்டு நாளில் பலிக்காமல் போனால், போன் தன் வைஃபை முகவரியை மாற்றிக்காட்டுகிறதா என்று பாருங்கள். இப்போதைய போன்களில் அந்த வசதி உண்டு. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

ஆனால் ஓட்டை அடைக்கும் போட்டியில் இறங்காதீர்கள். இரண்டு மூன்று ஓட்டையை அடைத்த பிறகும் நான்காவது முளைக்கிறது என்றால் குறை ஒப்பந்தத்தில் இருக்கிறது. தெரியாமல் உளவு பார்க்கும் ஆப்புகளை நிறுவவே வேண்டாம். ஒருநாள் அது தெரியவரும். அதன் பிறகு பிள்ளை எந்த ஆபத்தையும் உங்களிடம் சொல்லாது.

கேம் என்றால் மணியை எண்ணாதீர்கள், மேட்சை எண்ணுங்கள்

பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன. குழுவாக ஆடும் பல கேம்களில் நடுவில் வெளியேறினால் தரவரிசை இறங்கும், தற்காலிகத் தடை விழும், கூட ஆடுபவர்களும் தோற்பார்கள். "இப்பவே ஆஃப் பண்ணு" என்பது, கால்பந்து ஆட்டத்தின் நடுவே கோல்கீப்பரை வீட்டுக்கு இழுத்துப்போவது போல. அளக்கும் வாரத்தில் ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். 25 நிமிடம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மேட்ச். 9 மணிக்கு முடிய வேண்டும் என்றால், 8:30க்குப் பிறகு புதிய மேட்ச் தொடங்கக் கூடாது. விதியை முடிவு நேரத்தில் வைக்காமல் தொடக்க நேரத்தில் வையுங்கள். நிறுத்துவதைவிடத் தொடங்காமல் இருப்பது மூளைக்கு எளிது. "இந்த மேட்ச் முடிய எத்தனை நிமிஷம் ஆகும்?" என்ற ஒரு கேள்வி பாதிக் கூச்சலைக் குறைக்கும்.

தினமும் உள்ளே வந்தால் பரிசு, தொடர்நாள் கணக்கு போன்றவை எதற்காக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை விளக்குங்கள். தங்களை யாரோ ஆட்டிவைக்கிறார்கள் என்பது இந்த வயதினருக்குப் பிடிக்காது. அந்தக் கோபம் இங்கே நல்லதற்குப் பயன்படும். கேம் கணக்கில் சேமித்துவைத்த கார்டு விவரங்களை இன்றே அழித்துவிடுங்கள்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது

மாலையில் இரண்டு மணி நேரத்தை எடுத்தால் அதே இரண்டு மணி நேரத்தில் வேறொன்று இருந்தாக வேண்டும். 'புத்தகம் படி' என்பது பதிலாகாது. போன் என்ன தந்துகொண்டிருந்தது என்பதை அந்தக் குறிப்புத் தாள் சொல்லும். நண்பர்கள் என்றால் நண்பர்களோடு செய்வதாகவும், ஜெயிக்கும் உணர்வு என்றால் முன்னேற்றம் வாரத்துக்கு வாரம் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். ஓட்டம், பந்தாட்டம், வாத்தியம், பொருள்களைப் பிரித்துச் சேர்ப்பது என எதுவானாலும் பிள்ளையே தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். உடலை இயக்குவதாக இருந்தால் தூக்கத்துக்கும் சேர்ந்தே உதவும்.

பாடம் கடினமாக இருக்கும்போதுதான் போன் கைக்கு வருகிறது என்றால், முன்கூட்டியே ஒரு வாக்கியத்தை எழுதிவைக்கச் சொல்லுங்கள்: "கணக்கு புரியலன்னா போனை எடுக்க மாட்டேன், அஞ்சு நிமிஷம் வெளிய நடந்துட்டு வருவேன்." 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் முடிவெடுத்து வைப்பது, வெறுமனே 'இனி குறைப்பேன்' என்பதைவிடப் பலிக்கிறது என்பது உளவியலில் நன்றாகச் சோதிக்கப்பட்ட விஷயம். படிப்பு 25 நிமிடம், இடைவேளை 5 நிமிடம். போன் வேறு அறையில். இடைவேளையிலும் போன் இல்லை, ஏனென்றால் அந்த ஐந்து நிமிடம் ஒருபோதும் ஐந்து நிமிடமாக இருப்பதில்லை.

எங்கே சறுக்கும்

முதல் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல், அமைதியின்மை, எதிலும் பிடிப்பின்மை இருக்கும். கூச்சல் குறைவதற்கு முன் கூடும். பழகிய பரிசு நின்றதும் மூளை அதே முயற்சியை இன்னும் பலமாகச் செய்துபார்க்கிறது. அந்த உச்சத்தில் நீங்கள் போனைக் கொடுத்துவிட்டால், ஒரு மணி நேரம் கத்தினால் கிடைக்கும் என்பதைக் கற்பித்துவிட்டீர்கள். ஒருநாள் கொடுத்து மூன்று நாள் மறுப்பது இன்னும் மோசம். அது ஸ்கின்னரின் புறாவுக்குக் கிடைத்த அதே பரிசு முறை. உங்களால் தினமும் காப்பாற்ற முடிந்த அளவுக்கு விதியைச் சிறியதாக வைக்கச் சொல்வது இதனால்தான். தந்தை ஒன்றும் தாய் ஒன்றும் சொன்னாலும் இதே விளைவுதான்.

ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எவ்வளவு நாள்? 2010இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. ஒருநாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே ஓர் இரவு மீறினால் 'எல்லாம் போச்சு' என்று தாளைக் கிழிக்க வேண்டாம். எது சறுக்கவைத்தது என்று கேட்டு, மறுநாள் அதே விதியில் தொடருங்கள்.

மருத்துவரிடம் எப்போது

வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகாமல் இருப்பது, பகலும் இரவும் தலைகீழாவது, போனை எடுத்தால் அடிப்பது, பணம் திருடுவது ஆகியவை வந்துவிட்டால் வீட்டு முயற்சி மட்டும் போதாது. மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால், மிரட்டல் என்று தள்ளிவிடாமல் அன்றே அழைத்துப் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு (ஏடிஎச்டி) ஆகியவை இணைய அடிமைத்தனத்தோடு அடிக்கடி சேர்ந்தே இருக்கும். அவற்றைக் கவனிக்காமல் போனை மட்டும் எடுத்தால் பிள்ளையின் ஒரே ஊன்றுகோலை உருவுவதாகிவிடும். இணைய அடிமைத்தனத்துக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து எதுவும் இல்லை. சிந்தனையையும் நடத்தையையும் திருத்தும் உளவியல் சிகிச்சையே முதன்மையானது. மருந்து கொடுத்தால் அது கூடவே இருக்கும் நோய்க்கு.

திடீரென்று போனை மறைப்பது, செய்தி வந்ததும் முகம் வெளுப்பது போன்றவை யாரோ மிரட்டுவதாலும் இருக்கலாம். அங்கே முதலில் சொல்லவேண்டியது: "உன் போனைப் பிடுங்க மாட்டேன், என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு." செய்திகளை அழிக்காமல் வைத்துக் காவல்துறையை அணுகுங்கள். அந்தரங்கப் படம் ஏதாவது சம்பந்தப்பட்டிருந்தால் அதைச் சான்றுக்காகக்கூட யாருக்கும் அனுப்பக் கூடாது.

கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுப்பது

எட்டு வாரம் ஓரளவு நிலைத்த பிறகு, ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். முதலில் விடுமுறைப் பகலின் வரம்பு. இரண்டு வாரம் பாருங்கள். தூக்கமும் பள்ளியும் குலையவில்லை என்றால் அடுத்து ஆப் வரம்புகளைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும். அதுவும் இரண்டு வாரம் நின்றால் பாஸ்கோடை ஒப்படையுங்கள். எங்காவது சறுக்கினால் ஒரு படி மட்டும் பின்னால் போங்கள், தொடக்கத்துக்கு வேண்டாம். இரவு சார்ஜர் இடம் மட்டும் கடைசிவரை, பெரியவர்கள் போன் உட்பட, அப்படியே இருக்கட்டும்.